தாமரை இலை தரும் பாடம்

பற்றின்றி வாழ்வோரைத் 'தாமரை இலைத் தண்ணீர்போல' என்று சொல்வது தமிழ் வழக்கு. குளத்திலேயே பிறந்து குளத்திலேயே வளரும் அவ்விலையைக் குளத்து நீர் நனைப்பதில்லை. துளி உருண்டோடுகிறது, ஓடும்போது இலைமேல் படிந்த தூசியையும் அள்ளிச் செல்கிறது. செருமானியத் தாவரவியலாளர்களான வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோப் நைன்ஹுயிஸும் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இதனை விளக்கினர். இலைப்பரப்பெங்கும் கண்ணுக்குப் புலப்படாத நுண்மேடுகள் உள்ளன. அவற்றை மெழுகுப் படிகங்கள் போர்த்தியுள்ளன. துளி மேடுகளின் நுனிகளை மட்டுமே தொடுகிறது. இடைவெளியில் காற்று தங்கி அதனைத் தாங்குகிறது.

கண்ணாடியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. தூய கண்ணாடியின் பரப்பில் ஆக்சிசனும் ஐதரசனும் இணைந்த தொகுதிகள் நிறைந்துள்ளன. அவை நீரை ஈர்ப்பதால் துளி விரிந்து படர்கிறது. அத்தொகுதிகளோடு பிணையும் சிலேன் சேர்மத்தைப் பூசினால் நிலைமை மாறிவிடுகிறது. மூலக்கூறின் ஒரு முனை கண்ணாடியைப் பற்றிக்கொள்ள, நீரை விரும்பாத கரிமச் சங்கிலி வெளிநோக்கி நிற்கிறது. மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் கிடைக்கும் ஓரிரு பங்கே அப்படலத்தின் தடிமன். அதுவே படர்ந்த நீரைத் துளியாகத் திரளச் செய்யப் போதுமானது. வெளிமுனையில் வேறு தொகுதியை அமைத்தால், அதே பரப்பு வேண்டிய மூலக்கூறுகளைக் கவர்ந்து வைத்துக்கொள்ளும். மரபணு ஆய்வுக்குரிய கண்ணாடித் தகடுகள் இவ்வாறு ஆயத்தம் செய்யப்படுகின்றன. திண்மத்தின் உள்ளுடல் மாறுவதில்லை. தோல் மட்டுமே மாறுகிறது.

நீரை விலக்கும் கரிமச் சங்கிலி எண்ணெயை விலக்குவதில்லை. இரண்டையும் விலக்க விரும்பிய மனிதர் ஃபுளூரின் சேர்மங்களை நாடினர். மழைச்சட்டையிலும் தரைவிரிப்பிலும் உணவு பொதியும் தாளிலும் அவை இடம்பெற்றன. கார்பனுக்கும் ஃபுளூரினுக்கும் இடையேயான பிணைப்பு மிக வலியது. அவ்வலிமையே பின்னர்த் தீங்காயிற்று. சட்டை கிழிந்து குப்பையான பின்னும் சேர்மம் சிதையவில்லை. ஆற்றுநீரில் கலந்தது, மனிதக் குருதியிலும் தங்கியது. அவற்றுள் சில, 2009, 2019ஆம் ஆண்டுகளில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியல்களில் சேர்க்கப்பட்டன.

தாமரை இலை பழுத்து வீழ்ந்தால், அதன் மெழுகும் நுண்மேடுகளும் சேற்றோடு சேறாக மட்கிவிடுகின்றன. ஒட்டாதிருக்கும் வித்தையை மனிதர் அவ்விலையிடம் கற்றுக்கொண்டனர். பணி முடிந்தபின் சுவடின்றி விலகும் பண்பையும் கற்கும்போதுதான் அப்பாடம் நிறைவுபெறும்.