எம்.இ. முடிக்கப்போகும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கட்டுமான மேலாண்மையில் எம்.இ. முடித்ததும் ஒரு புராஜெக்டைத் தனியாக நடத்திவிட முடியுமா என்று கேட்டிருந்தாய். பாதி வேலைக்கு அந்தப் படிப்பு உன்னை நன்றாகவே தயார்செய்யும்; மீதிக்கு நீயாகத்தான் தயாராக வேண்டும். நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களிடமும் மூன்றாண்டு புராஜெக்ட் அனுபவம் கேட்டுத்தான் புராஜெக்ட் மேலாண்மைக்கான பி.எம்.பி. சான்றிதழ் தேர்வுக்கே அனுமதிக்கிறார்கள்.

நீ படிக்கும் கிரிட்டிக்கல் பாத் முறை 1950களின் கடைசியில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் உருவானது. எந்த வேலை தள்ளிப்போனால் மொத்தமும் தள்ளிப்போகும் என்று அது காட்டும். அந்தக் கணக்கு தெரியாமல் சைட்டுக்கு வராதே. ஆனால் நம் ஊரில் வேலை நிற்பது பெரும்பாலும் நிலம், அனுமதி, பணம் இவற்றால்தான்.

பாலத்துக்கு அஸ்திவாரம் தோண்டும் இடத்தில் ஒரு மின்கம்பம் நிற்கும். பிரைமவேரா மென்பொருளில் அதை அகற்றுவது ஒரே வரி. சைட்டிலோ கூட்டாய்வு, எஸ்டிமேட், டெபாசிட், மின்தடைக்கு அனுமதி என்று நடையாய் நடக்க வேண்டும். அதற்குள் கம்பி கட்டும் பீகார்க்காரர்கள் சட் பூஜைக்கு ஊருக்குப் போயிருப்பார்கள். பாக்கி வைக்காமல் கூலி கொடுத்து அனுப்பியிருந்தால்தான் திரும்பி வருவார்கள். இதை எந்த செமஸ்டரிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனையே பார்; காக்கிநாடாவில் சிவில் படித்தவர். 1964 புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர்செய்தார். அவர் தலைமையில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் உருவானது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். நடுவில் அவர் கற்றதெல்லாம் வேலையிடத்தில்.

அதனால் உன் தீசிஸை வீணாக்காதே. கேள்வித்தாள் கொடுத்துத் தாமதக் காரணங்களை வரிசைப்படுத்தும் ஆய்வுகள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. நின்றுபோன ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள். அதன் ஹிண்டரன்ஸ் ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கு. தடை எப்போது வந்தது, யாருக்குக் கடிதம் போனது, எப்போது நீங்கியது என்று வரிவரியாகப் படி. கால நீட்டிப்பு கிடைப்பதும் அபராதம் விழுவதும் அந்தப் பதிவை வைத்துத்தான். பிறகு அந்த சைட் சூப்பர்வைசரிடம் உட்கார்ந்து பேசு. பதிவில் ஏறாத காரணங்களை அவர் சொல்வார்.

கல்லூரிகளே இப்படிப்பட்ட ஆய்வைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை நீ காத்திருக்க வேண்டாம். லீவு விட்டதும் இங்கே வந்துவிடு. கான்ட்ராக்ட் நிபந்தனைகளை இருவரும் சேர்ந்தே படிப்போம்.

அன்புடன்,
அக்கா