சிலபஸில் இல்லாத பாதாளம்

ஆர்.பி.ஜி. பக்கமே தலைவைத்துப் படுக்காத நண்பர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். இந்த மாதிரி கேம்களில் ஒரு கதை இருக்கும், கடைசியில் ஒரு வில்லன் இருப்பான், வழியெல்லாம் குகை, கோட்டை, நிலவறை. இவற்றைத்தான் டஞ்சன் என்பார்கள். சில டஞ்சன்களுக்குக் கதையோடு சம்பந்தமே கிடையாது. போகாவிட்டாலும் கேம் முடிந்துவிடும். போனாலோ வில்லனைவிடப் பொல்லாத ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கும். அதுதான் போனஸ் டஞ்சன். சிலபஸில் இல்லாத பாடம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

நிறையப் பேருக்குத் தெரிந்தது போகிமான் குகை. 1996-ல் வந்த முதல் கேமிலேயே உண்டு. வாசலில் ஒரு ஆள் வழிமறித்து நிற்பார், சாம்பியனை ஜெயித்த பிறகுதான் விடுவார். உள்ளே மியூடூ, லெவல் 70.

என் ஓட்டு அதற்கல்ல. 1999-ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 8-ல் ஒரு ஆழ்கடல் ஆராய்ச்சி நிலையம் வரும். உலக வரைபடத்தின் தென்மேற்கு மூலையில், சுற்றிலும் வெறும் கடல். மேப்பில் குறி கிடையாது. பறக்கும் கப்பல் கிடைத்த பிறகு வேலையில்லாமல் சுற்றினால்தான் கண்ணில் படும். முதலில் பஹமுட் என்ற டிராகனை வெல்ல வேண்டும். அப்புறம் கீழே இறங்கலாம். கையில் 20 அலகு நீராவி அழுத்தம். கதவு திறக்கத் திறக்க அது குறையும். கண்டபடி செலவழித்தால் கடைசிக் கதவில் கைவிரிக்க வேண்டியதுதான். அதையும் தாண்டி இறங்கினால் அடியில் அல்டிமா வெப்பன். அதனிடமிருந்து ஈடன் என்ற சக்தியைப் பறிக்கலாம். ஈடன் தாக்கும் காட்சி ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும், அதற்குள் டீயே ஆற்றிவிடலாம் :-)

"இதெல்லாம் எதுக்குடா, என்ன பிரயோஜனம்?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். பரிசு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அல்டிமாவையே அடித்தவனுக்கு மிச்சமிருக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை சப்பை. ஆனால் கதை நெடுக யாராவது ஒருவர் 'அங்கே போ, அவனை அடி' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே மட்டும் யாரும் சொல்லவில்லை, நானாகப் போனேன். பள்ளியிலும் வீட்டிலும் அப்படி நானாகப் போன இடம் எத்தனை என்று எண்ணினால் விரல் மிஞ்சுகிறது.

எங்கள் பூம்புகாரும் அப்படித்தான். சுற்றுலா பஸ் வரும், கடற்கரை, சிலப்பதிகாரக் கலைக்கூடம், கிளம்பிவிடும். கீழையூரில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த செங்கல் படகுத்துறை, பல்லவனேஸ்வரத்துப் புத்த விகாரை, இரண்டும் பக்கத்தில்தான். கடலுக்குள் 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவில் ஏதோ ஒன்று கிடப்பதை 1993-ல் ஆய்வாளர்கள் மூழ்கிப் பார்த்தார்கள். மனிதன் கட்டியதா இல்லையா, இன்னும் சண்டை ஓயவில்லை. அங்கே எனக்கு அனுமதி இல்லை. அதனால்தானோ என்னவோ, கேமில் அந்த நீராவிக் கதவு திறக்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே சிலிர்க்கிறது.

எல்லா போனஸ் டஞ்சனும் உசத்தி என்று சொல்லமாட்டேன். ஃபைனல் ஃபேன்டஸி 10-ன் ஒமேகா ரூயின்ஸ் சுத்த மொக்கை. ஒரே மாதிரிச் சுவர், நாலடிக்கு ஒரு சண்டை.

ஆழ்கடல் நிலையத்துக்குப் போகிறவர்கள் ஸெல் என்ற கதாபாத்திரத்தை மறக்காமல் அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் மிச்சமாகும்.