பாக்கியம் என்றொரு பேர்

கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டங்களில் பழைய தலைமுறைப் பெண்களிடையே பரவலாகக் கேட்கும் பெயர் பாக்கியம். எட்டியாந்தோட்டை, தெரணியகல, ருவான்வெல்லப் பக்கங்களில் அது தனிப் பெயராகவும் வரும். சிவபாக்கியம், செல்வபாக்கியம், ராஜபாக்கியம், பாக்கியலட்சுமி என்று ஒட்டியும் வரும். வேதக்காரக் குடும்பங்களில் ஞானபாக்கியம், மரியபாக்கியம். மாரியாயி, காமாட்சி போன்றவை அம்மனின் பெயர்கள். ஒரு சமயத்தார் இடுவதை இன்னொரு சமயத்தார் இடமாட்டார்கள். பாக்கியம் எந்தச் சாமிக்கும் சொந்தமில்லாத சொல் என்பதால் கோயிலுக்குப் போகிற வீட்டிலும் தேவாலயத்துக்குப் போகிற வீட்டிலும் அது தங்கியது.

கட்டுரையாளரின் அப்பாயி பெயரும் அதுதான். எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் விடியுமுன் கத்தியும் வாளியுமாக மலையேறிப் பால் வெட்டியவர். பட்டையைச் சாய்வாக மெல்லச் சீவி, வெட்டிய கோட்டு வழியே பால் இறங்கிச் சிரட்டையில் முதல் சொட்டு விழும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த மரத்துக்கு நகர்வாராம். "இந்தப் பேரை எனக்கு யாரு வச்சா, என்னத்துக்கு வச்சான்னு நான் ஒருத்தருகிட்டயும் கேட்டதில்லையே" என்று கடைசிக் காலத்தில் அவர் சொன்ன ஒரு சொல்லில் தொடங்கியது இந்தத் தேடல்.

அகராதி காட்டும் முதல் வழி எளியது. பாக்கியம் வடமொழிச் சொல். பங்கிடுதல் என்ற பொருளுள்ள 'பஜ்' என்ற வேரிலிருந்து பிறந்தது. சொத்தைப் பிரிக்கும்போது சொல்கிற பாகம், பாகப்பிரிவினை எல்லாம் அதன் உடன்பிறப்புகள். ஆகவே பாக்கியம் என்றால் ஒருவருடைய பங்காக வந்து சேர்ந்தது. நல்வாய்ப்பு, செல்வம், கொடுத்துவைத்த நிலை என்ற பொருள்கள் அதன்மேல் பின்னால் படிந்தவை.

தமிழுக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. பேறு, கொடுப்பினை, ஊழ் என்று சொற்கள் வரிசையாக உண்டு. அவற்றில் ஆழமானது பால் என்ற சொல். அதற்குப் பகுதி என்றும் பொருள், விதி என்றும் பொருள். தொல்காப்பியம் 'பால்வரை தெய்வம்' என்று ஒரு தெய்வத்தைக் குறிப்பிடுகிறது; அவரவர் பங்கை வரையறுத்துக் கொடுக்கும் தெய்வம் அது. திருக்குறளின் 38ஆம் அதிகாரமான ஊழிலும் விதியை விதிப்பவன் 'வகுத்தான்' என்றே பெயர் பெறுகிறான். இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். பகு, பகுதி, பாதி ஆகிய தமிழ்ச் சொற்களின் ஓசையைக் கேட்டதும் பாகமும் பாக்கியமும் இவற்றிலிருந்து போனவைதான் என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லாய்வாளர்கள் இரண்டையும் வெவ்வேறு குடும்பமாகவே வைக்கிறார்கள். பகு திராவிட வேர். பாக்கியம் வடக்கிலிருந்து வந்தது. ஓசை ஒத்துப்போனதால் அந்த விருந்தாளி சீக்கிரம் வீட்டாளாகிவிட்டது என்பது வரைக்கும் சொல்லலாம்.

அந்த வடக்கு வழியில் போனால் 'பகன்' எதிர்ப்படுகிறான். இருக்கு வேதத்தில் ஆதித்தர்களில் ஒருவன், விடியற்காலையில் அழைக்கப்படுபவன், மனிதருக்குச் செல்வத்தைப் பிரித்துக் கொடுப்பவன். பின்னால் வந்த கதையில் அவனுக்குக் கண் போய்விடுகிறது. தக்கன் வேள்வி அழிந்தபோது பகனின் கண் பறிக்கப்பட்ட செய்தியை மாணிக்கவாசகர் திருவுந்தியாரில் பாடியிருக்கிறார். 'பகன் குருடன்' என்ற வழக்கு அதற்கும் முந்திய சதபத பிராமணத்திலேயே உண்டு. பங்கு கொடுக்கிறவனுக்குக் கண் தெரியாது என்று அந்தக் காலத்து மனிதர்களுக்கே பட்டிருக்கிறது. விடியுமுன் மலையேறிய ஒருத்தியின் பெயருக்குள், விடியலில் பங்கு கொடுக்கும் ஒரு பழைய தெய்வம் இருப்பதைக் கண்டது இந்தத் தேடலில் மனம் நின்றுபோன இடம்.

பகன் மேற்கேயும் போயிருக்கிறான். பழைய பாரசீகத்தில் 'பக' என்றால் கடவுள். தாரியஸ் மன்னனின் கல்வெட்டுகளில் அகுரமஸ்தாவுக்கு அந்தச் சொல் வருகிறது. பக்தாத் நகரின் பெயருக்கு 'கடவுள் தந்தது' என்று பொருள் சொல்வதும் இதைக் கொண்டுதான். சிலாவிய மொழிகளில் அதே சொல் 'பொக்'. உருசியம், போலிஷ், செர்பியம், பல்கேரியம் எல்லாவற்றிலும் கடவுளுக்கு அதுவே சொல். இரானிய மொழியிலிருந்து இரவல் போனதா, பொது மூதாதை மொழியிலிருந்து நேராக வந்ததா என்பதில் அறிஞரிடையே இரு கட்சி உண்டு. ஆனால் பழைய பொருள் அங்கே இன்னும் அழியவில்லை. உருசிய மொழியில் பணக்காரனுக்கு 'பொகாத்தி', ஏழைக்கு 'உபோகி'. பொக் உள்ளவன் பணக்காரன், இல்லாதவன் ஏழை. பாக்கியவான், பாக்கியமற்றவன் என்று நாம் சொல்வதும் இதே கணக்குத்தான்.

இந்தச் சொல்லிலிருந்து சிலாவியர் தங்கள் பெண்களுக்கு இட்ட பழைய பெயர் பொக்தானா. 'தானா' என்ற பின்பகுதி நம் தானம் என்ற சொல்லின் உறவு. கொடுக்கப்பட்டவள் என்று பொருள். உக்ரேனியரிடமும் செக் மக்களிடமும் 'க' ஓசை 'ஹ' ஆகி, பொஹ்தானா என்று வழங்கும். ஆண்பாலில் பொக்தான். 17ஆம் நூற்றாண்டின் உக்ரேனியக் கொசாக் தலைவர் பொஹ்தான் ஹ்மெல்னித்ஸ்கி அந்தப் பெயருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தார். அதே வேரில் இன்னொரு பெண் பெயர் பொஷேனா. 'பாபிச்கா' என்ற நாவலை 1855இல் வெளியிட்ட செக் எழுத்தாளர் பொஷேனா நியெம்ஸொவாவின் முகம் இன்று செக் நாட்டு 500 கொருனா நோட்டில் இருக்கிறது. பாபிச்கா என்றால் பாட்டி. அந்த நாட்டில் பொஷேனா என்ற பெயரும் இப்போது பாட்டிமார் பெயராகிவிட்டது.

கேகாலைத் தோட்டங்களில் பாக்கியத்துக்கு நேர்ந்ததும் அதுவே. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணி அழைத்து வந்த சனங்கள் ஊர்ப் பெயர்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டிலும் அது அன்று எங்கும் இருந்த பெயர். அப்புசாமி, சீதாப்பாட்டி கதைகளை எழுதிய ஜ.ரா.சுந்தரேசன், தாயின் பெயரையும் தந்தையின் பெயரையும் சேர்த்தே பாக்கியம் ராமசாமி என்று வைத்துக்கொண்டார். பிள்ளைப் பாக்கியம், மாங்கல்ய பாக்கியம் என்று பெண்ணுக்கு வேண்டிய எதையும் அந்த ஒரு சொல்லால் வேண்டுவது வழக்கம். பிள்ளை தங்குமா என்ற பயம் ஓயாத லயத்துக் காம்பிராவில், பிறந்து பிழைத்த பெண்ணுக்கு அதைவிடப் பொருத்தமாக வேறு எதை வைப்பார்கள்?

தோட்டத்தில் பேர் என்ற சொல்லுக்கும் இன்னொரு பொருள் உண்டு. ஒரு நாள் கூலிக் கணக்குக்குப் பேர் என்றே சொல்வார்கள். சொன்ன அளவுக்குப் பாலோ கொழுந்தோ சேராத நாளில் அரைப்பேர். ஆக, பாக்கியத்துக்கு அரைப்பேர் விழுந்த நாட்களும் இருந்தன. அன்றைய பங்கு பாதிதான்.

ஏட்டில் அந்தப் பெயர் பட்ட பாடு தனி. தமிழில் 'ப' ஒன்றே. சிங்களத்தில் படத்தின் ஓசைக்கு ஓர் எழுத்து, பஸ்ஸின் ஓசைக்கு ஓர் எழுத்து, மூச்சோடு சொல்வதற்கு மூன்றாவது எழுத்து. எழுதுகிறவர் காதில் விழுந்தபடி எழுதினார். அப்பாயியின் பழைய தாள்கள் மூன்றில் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அதுவும் ஒரு பாகப்பிரிவினை. அந்தக் காலத்தில் ஒரு எழுத்து மாறினாலும் ஆள் மாறினதாகக் கொள்ளப்பட்டு, அலைச்சல் பட்டவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு.

இன்று லயத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை யாரும் இடுவதாகத் தெரியவில்லை. தர்ஷினி, நிரோஷா, டிலானி என்று மாறிப் பல காலம் ஆகிறது. அதே சொல்லைப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் கேட்கலாம். 'பாக்யா' சிங்களப் பெண் பிள்ளைகளுக்கு இன்றும் விரும்பி இடும் பெயர். புத்தரையே பாக்யவதுன் வஹன்சே என்று அழைக்கிற மொழி அது. லயத்தில் பழசாகிப்போன பெயர் வேலிக்கு அந்தப் பக்கம் புதுசாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ அடுத்த காம்பிராவிலோ ஒரு பாக்கியம் அப்பாயி, ஒரு சிவபாக்கியம் அம்மாயி இன்னும் இருந்தால், அந்தப் பெயரை யார் வைத்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று இந்த வாரமே கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.