கயிறு தாங்கும் வீடு

மும்பையில் ‘கேம்ப்’ என்பது இரண்டு நாள் சமாச்சாரம் அல்ல. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத்தில் தற்காலிகமாகப் போட்ட முடிச்சுகள் பல, தலைமுறைகளைத் தாங்குகின்றன.

தாராவியில் 90 அடி சாலையிலிருந்து பிரியும் எந்தச் சந்தில் நுழைந்தாலும் சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்பு ஏணிகளைக் காணலாம். ஏணி ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். சாய்த்து வைத்தால் சந்தில் ஆள் நடக்க முடியாது. கைப்பிடிக்கும் இடமில்லை. அதற்குப் பதிலாக மேல்தளத்து உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கும். நைலான் கயிறாக இருக்கலாம், முறுக்கிய பழைய சேலையாகவும் இருக்கலாம். கை வழுக்காமலிருக்க முழத்துக்கு ஒரு முடிச்சு. இடுப்பில் குடத்துடன் ஏறும் பெண்ணின் மற்றொரு கை தன்னிச்சையாக அந்த முடிச்சைத் தேடிப் பிடிக்கும். மேல்வீட்டுக் குழந்தைகள் அகர முதல எழுத்துகளைக் கற்பதற்கு முன் இந்தக் கயிற்றைக் கற்றுக்கொண்டு விடுகிறார்கள்.

வீட்டுக்குள்ளும் கயிற்றின் ராஜ்ஜியம்தான். பத்துக்குப் பத்து அடி அறையில் தரை என்பது ஒரே நேரத்தில் சமையலறை, படுக்கை, பள்ளிப் பாடம் எழுதும் இடம், சில வீடுகளில் தொழிற்கூடமும்கூட. ஆகவே பொருள்களுக்குத் தரையில் இடம் கிடையாது. அவை மேலே போயாக வேண்டும். உத்தரத்துக்கு உத்தரம் கட்டிய கயிற்றில் துணிகள். சுருட்டிய பாய்க்கு இரண்டு வளையம். குடைக்கும் பள்ளிப் பைக்கும் தனித்தனிக் கொக்கி. ஊருக்குப் போகும்போது மட்டும் இறங்கும் பெட்டி, கூரையோடு சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். குழந்தை பிறந்தால் அதே உத்தரத்தில் தூளி. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் தயிர்ப் பானையைப் பூனையிடமிருந்து காப்பாற்றிய உறி, இங்கே ஒரு குடும்பத்தின் சொத்து முழுவதையும் காப்பாற்றுகிறது. தமிழ்நாட்டில் உறியடியாகவும் மும்பையில் தஹி ஹண்டியாகவும் கொண்டாடப்படும் விழாவின் நடுநாயகமே கயிற்றில் தொங்கும் பானைதான் என்பதால், மராத்தி அண்டை வீட்டாருக்கும் இது புதிய வித்தை அல்ல.

இதே வித்தையைக் காசு கொடுத்துக் கற்பவர்களும் இந்த நகரத்தில் உண்டு. சனிக்கிழமை தோறும் முதுகுப் பையுடன் கர்ஜத், லோனாவாலா பக்கம் ரயிலேறி, சஹ்யாத்ரி மலைக் கோட்டைகளின் அடிவாரத்தில் கூடாரம் அடிக்கும் இளைஞர்கள் அவர்கள். இரண்டு மரங்களுக்கு இடையே கயிறு கட்டி, ஈரத் தரையில் படாமல் பைகளையும் பாத்திரங்களையும் தொங்கவிடுவது முகாமின் முதல் பாடம். 1907-ல் பேடன் பவல் இங்கிலாந்தில் பிரௌன்சீ தீவில் நடத்திய முதல் சாரணர் முகாமிலேயே முடிச்சுப் பயிற்சி இடம்பெற்றது. கிளிஃபோர்ட் ஆஷ்லி என்ற அமெரிக்கர் 1944-ல் வெளியிட்ட முடிச்சுக் களஞ்சியத்தில் 3,800-க்கும் அதிகமான வகைகள் வருகின்றன. ஆனால் ஒரு முகாமுக்கு நான்கைந்து போதும். விதிகளும் எளியவை. கனமான பொருளைக் கம்பத்துக்கு அருகில் கட்ட வேண்டும். நடுவில் கட்டினால் கயிறு தொய்யும். பாரம் இருக்கும்வரை முடிச்சு இறுகி நிற்க வேண்டும். வேண்டாதபோது ஒரு நுனியை இழுத்தால் அவிழ வேண்டும். கண்டபடி போட்ட முடிச்சை அவிழ்க்கக் கத்திதான் வேண்டும். கத்தி பட்டால் கயிறு குட்டையாகிவிடும்.

இந்த விதிகள் அனைத்தும் தாராவியில் புத்தகமில்லாமல் புழங்குகின்றன. வித்தியாசம் ஒன்றே ஒன்று. மலைக்குப் போனவர் ஞாயிறு மாலை முடிச்சை அவிழ்த்துவிட்டு வீடு திரும்புகிறார்.

கயிற்றுக்கு உண்மையான பரீட்சை ஜூனில் வருகிறது. மும்பையில் நான்கு மாத மழைக்காலத்தில் மட்டும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மே மாதக் கடைசியில் கடைகளின் முன் நீலப் பிளாஸ்டிக் விரிப்புகள் மலைபோல் குவியும். தகரக் கூரை மேல் விரிப்பை இழுத்து, ஓரத்துக் கண்களில் கயிறு கோத்து, நான்கு பக்கமும் கட்டி, மேலே பழைய டயரோ செங்கல்லோ வைக்கிறார்கள். தேங்காய் நார்க் கயிறு சொரசொரப்பானது, முடிச்சு வழுக்காது. நனைந்தால் நார் உப்பி முடிச்சு மேலும் இறுகும். ஆனால் நாளடைவில் மக்கிவிடும். பிளாஸ்டிக் கயிறு மக்காது. ஆனால் வழவழப்பால் முடிச்சு நழுவும், வெயிலில் கிடந்தால் நைந்து பொடியும். அதனால் அதற்கு ஒரு சுற்று அதிகம், ஆண்டுக்கொரு முறை மாற்றம். விரிப்பை ரொம்ப விறைப்பாகக் கட்டினால் காற்று கிழித்துவிடும். தொய்வாகக் கட்டினால் தண்ணீர் தேங்கிக் கூரையை அழுத்தும். 2005 ஜூலை 26-ம் தேதி சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தபோது மித்தி நதி கரை மீறியது. பள்ளமான பகுதிகளில் தரையில் இருந்ததெல்லாம் போயிற்று. ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றிதழையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி உச்சியில் தொங்கவிடுவதன் அருமை அன்று புரிந்தது.

சயானில் ரயிலேறினால் அடுத்த நிலையம் மாட்டுங்கா. அங்கே கயிறு நூலாக மெலிகிறது. சந்தைப் பகுதியின் பூக்கடைகளில் மல்லிகைக் காம்புகளை எதிரெதிராக வைத்து, நூலை விரலில் ஒரு திருகு திருகி, காம்பின் மேல் மாட்டி இழுக்கிறார்கள். கண் இமைப்பதற்குள் அடுத்த ஜோடி. இதில் ஒரு விசித்திரம் உண்டு: காம்புகளை உருவிவிட்டால் நூலில் முடிச்சே மிஞ்சாது. பூ இருக்கும்வரைதான் கட்டு. பந்தலும் அப்படித்தான். வரதராஜ முதலியார் கொடிகட்டிப் பறந்த 1970களிலும் 80களிலும் மாட்டுங்கா நிலையத்துக்கு வெளியே அவர் போட்ட பிள்ளையார் பந்தல் நகரமெங்கும் பேசப்பட்டது. எத்தனை பிரம்மாண்டமான பந்தலாக இருந்தால் என்ன, விழா முடிந்ததும் கட்டுகள் அவிழும், மூங்கில் வேறு இடத்துக்குப் போகும். தற்காலிகம் என்ற சொல்லுக்கு இலக்கணம் அதுதான்.

ஆனால் மும்பை அந்த இலக்கணத்தை எல்லோருக்கும் பின்பற்றியதில்லை. சயானிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் செம்பூர். அங்கே ஒரு பகுதிக்கு இன்றைக்கும் ‘செம்பூர் கேம்ப்’ என்றே பெயர். 1947 பிரிவினைக்குப் பிறகு சிந்துவிலிருந்து வந்த அகதிகள் அங்கிருந்த பாரக்குகளில் தங்கவைக்கப்பட்டார்கள். கையில் கொண்டுவந்த மூட்டையை அவிழ்த்து, துணியால் தடுப்புக் கட்டிக் குடித்தனம் நடத்தினார்கள். பின்னர் அங்கே கடைகளும் கட்டடங்களும் எழுந்தன. முகாம் போயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தாராவியிலும் ‘ட்ரான்சிட் கேம்ப்’ என்றொரு பகுதி உண்டு. இடைத்தங்கல் முகாம் என்று பொருள். அந்த இடைத்தங்கலில் பிறந்து வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்து வைத்துவிட்டார்கள்.

இப்போது தாராவி முழுவதற்கும் அவிழ்க்கும் நேரம் வந்திருக்கிறது. மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. மாநில அரசும் பங்குதாரராக இருக்கும் நிறுவனம் இதை நடத்துகிறது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை தரைத்தளத்துக்கு வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு: 2022 நவம்பர் 15 வரை குடியேறியிருந்தால், தாராவிக்கு வெளியே வாடகைக்கு வீடு, தவணை கட்டிச் சொந்தமாக்கிக் கொள்ளலாம்.

அதாவது, அந்த ஏணிக் கயிறுதான் இப்போது எல்லைக்கோடு. கயிற்றைப் பிடிக்காமல் வீட்டுக்குள் நுழைபவருக்கு ஒரு சட்டம், பிடித்து ஏறுபவருக்கு ஒரு சட்டம். மேல்தளத்தில் இருப்பவர்களில் நேற்று வந்த வாடகைக்காரர் மட்டும் இல்லை. கீழே அண்ணன், மேலே தம்பி என்று ஒரே குடும்பமாக இருப்பவர்களும், கீழே பட்டறையும் மேலே குடித்தனமுமாக இருப்பவர்களும் உண்டு. குடும்பம் பெருகியபோது பக்கவாட்டில் இடமில்லாததால்தான் வீடு மேலே வளர்ந்தது. அன்று இடத்தை மிச்சம் பிடித்த சாமர்த்தியம் இன்று தகுதிக் குறைவாகிவிட்டது.

வெளியே என்றால் எங்கே? 2024-ல் அரசு இத்திட்டத்துக்கு ஒதுக்கிய நிலங்களில் ஒன்று, செம்பூரை அடுத்த தேவனார் குப்பை மேட்டின் 124 ஏக்கர். 1927 முதல் மும்பையின் குப்பையைச் சுமந்துவரும் இடம் அது. தாராவியின் 13-வது காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கைப் பிரித்து, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றுபவர்களுக்கு வேலையும் வீடும் ஒரே சந்தில் இருக்கின்றன. பஸ் கட்டணம் இல்லாத வாழ்க்கை அது. அந்தக் கட்டை அவிழ்த்தால் மறுபடி எங்கே கட்டுவது என்பதே அவர்களின் கவலை. குழாயும் கழிப்பறையும் உள்ள வீடு வேண்டாம் என்று சொல்பவர்கள் இங்கே யாருமில்லை. செங்குத்து ஏணியில் கர்ப்பிணியையும் முதியவரையும் இறக்கும் அவஸ்தையை அனுபவித்தவர்கள் அந்தக் கயிற்றைக் கொண்டாடுவதுமில்லை.

முகாமைக் கலைக்கும்போது ஒரு ஒழுங்கு உண்டு. கூடாரத்தின் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன், உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிட்டார்களா, போய்ச் சேர இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாராவியின் மேல்தளத்தில் இருப்பவர்கள் கேட்பது அவ்வளவுதான். அதுவரை மாலை தோறும் வேலை முடிந்து திரும்பும் கைகள், ஏணியடியில் அதே முடிச்சைத் தேடிக்கொண்டிருக்கும்.