பின்சக்கரத்தின் பாடு

செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற ஊர் பிரிக்பீல்ட்ஸ். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடில்களை அழித்த பின்னர், செங்கற் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுக்கான கல்லை மாட்டு வண்டிகள் சுமந்தன. சரிவில் வண்டியை நிறுத்தும் வண்டிக்காரர் சக்கரத்தின் அடியில் ஒரு கட்டையை வைப்பார். முட்டுக்கட்டை என்னும் அச்சொல்லை இன்று நற்செயலைக் கெடுப்போர்க்கே வழங்குகிறோம். சொல்லுக்கு நாம் இழைத்த அநீதி அது. கட்டை இல்லையேல் வண்டியும் இல்லை, வண்டிக்காரரும் இல்லை.

இன்று அவ்விடத்தைப் பிக்கப் வண்டி பிடித்துக்கொண்டது. கிள்ளானில் திருமணப் பந்தற் சாமான்களை வாடகைக்கு விடும் என் மைத்துனர், அண்டாக்களையும் நாற்காலிகளையும் அதில் ஏற்றிக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலை வழியே பிரிக்பீல்ட்ஸ் வருவார். அவ்வண்டியின் பின்புறப் பிரேக் கட்டைகள் ஓராண்டுக்குள் இருமுறை தேய்ந்தன. "கடைச்சாமான் மட்டம், மாமா" என்பது அவர் முடிவு. எனக்கு அம்முடிவு பொருந்தவில்லை. ஓடும் வண்டியை நிறுத்துகையில் அதன் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. பெரும் உழைப்பு முன்சக்கரங்களுக்கே. அதனால் இத்தகைய வண்டிகளில் பின்புறக் கட்டைகள் நெடுநாள் உழைப்பதே இயல்பு. பின்புறம் முந்தித் தேய்ந்தால், எங்கோ ஒரு முறைகேடு இருத்தல் வேண்டும்.

சுமையை முதலில் எண்ணிப் பார்த்தேன். வண்டி இரண்டு டன், சரக்கு ஒரு டன் என்று கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதனை ஒருமுறை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம், இரண்டரை லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்கு ஏற்றப் போதுமானது. வேகம் பாதியானால் வெப்பம் கால்வாசியாகும். வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சைப் பேசினார். நம்மவர் ஏற்றுவதோ பித்தளை அண்டா.

ஆயினும் சுமை மட்டும் காரணமன்று. என்னிடம் பயின்று இப்போது பட்டறை நடத்தும் மாணவர் ஒருவர் வண்டியின் அடியில் விளக்கைப் பிடித்து, "ஐயா, இதைப் பாருங்கள்" என்றார். பின்னச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சிறு கம்பி. அதன் முனையில் ஒரு வால்வு. சரக்கு ஏறினால் வில் தாழும், கம்பி நகரும், வால்வு பின்சக்கரங்களுக்குப் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைக் கூட்டும். சரக்கு இறங்கினால் அழுத்தம் குறையும். அறிவுடைய ஏற்பாடு. அதனை முன்பு யாரோ ஒரு போமன், பிரேக் நன்றாகப் பிடிக்கட்டும் என்று, பாரமேறிய நிலையிலேயே இரும்புக் கம்பியால் கட்டிவிட்டிருந்தார். ஆகவே வெறும் வண்டியும் தன்னைப் பாரவண்டி என்றே எண்ணி ஓடிற்று. வில் தளர்ந்து தாழ்ந்த வண்டியிலும் இம்மயக்கம் நேரும். மாறாக, வில்லுக்குக் கூடுதல் பட்டை போட்டு வண்டியை உயர்த்தி, வால்வை மீண்டும் அளந்து அமைக்காவிடில், பாரம் ஏறியும் பின்சக்கரம் சோம்பும்; முன்சக்கரங்கள் அதற்கும் சேர்த்து உழைக்கும்.

கட்டையின் விலையோடு முடியும் இழப்பன்று இது. மாலை மழையில் வெறும் வண்டியை அழுத்தி நிறுத்தினால், பாரமற்ற பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும், வால் சுழலும். பக்கத்தில் வருபவை மோட்டார் சைக்கிள்கள். முந்திய தீபாவளி வாரத்தில் வண்டி அவ்வாறு அரைவட்டம் திரும்பி நின்றதை மைத்துனர் அப்போதுதான் எங்களிடம் சொன்னார். அதுவரை சாலையைக் குறை கூறியிருந்தார்.

இரண்டாவது குற்றவாளி கைப்பிரேக் கேபிள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் எத்தனையோ வண்டிகள் நனைந்தன, இதுவும் ஒன்று. உறைக்குள் துருவேறிய கேபிள், பிடியை இறக்கினாலும் முழுவதும் தளர்வதில்லை. கட்டை டிரம்மை நாள்முழுதும் உரசும். சக்கரத்தை உயர்த்திக் கையால் சுழற்றினாலே இது புலப்படும். டிரம்முக்குள் படிந்த சேறும் அரம்போல் அராவும். ஆனால் அதனைக் காற்றுக் குழாயால் ஊதலாகாது. பழைய கட்டைகளில் கல்நார் கலப்பதுண்டு. அதன் தூசு புற்றுநோய் தருவது. எந்தக் கட்டையில் அது உண்டு என்பதைக் கண்ணால் அறிய இயலாது. ஈரத்துணியே தக்கது.

இன்னொன்றும் மாணவர் சொன்னார். புதிய வண்டிகள் பலவற்றில் கம்பியும் வால்வும் இல்லை. மின்னணுக் கருவியே சக்கரந்தோறும் வேகம் அறிந்து அழுத்தத்தைப் பங்கிடுகிறது. வழுக்கலைத் தடுக்கவும் அது பின்பிரேக்கைத் தானே இயக்கும். ஆதலால் அவற்றில் பின்கட்டை சற்று முந்தித் தேய்வதெல்லாம் பழுதாகாது. பழைய வண்டியின் நோயைப் புதிய வண்டிக்கும் கற்பித்தல் கூடாது.

கட்டியிருந்த கம்பி அறுக்கப்பட்டது, வால்வு அளவுப்படி அமைந்தது, கேபிள் புதிதாயிற்று. சரக்கை இரு நடையாகக் கொண்டுவரச் சொன்னேன். "இரண்டாவது நடைக்கு டீசல் யார் தருவது, மாமா?" என்கிறார் மைத்துனர். திருமண வீட்டார் கணக்கில் சேர்க்கலாமே என்றேன். அவர் இன்னும் இணங்கவில்லை.