வாசிக்காமல் வைத்த கையெழுத்து

கடந்த மாதம் பஸ்ஸில் என் பணப்பை தொலைந்துபோனது. யாராவது எடுத்தார்களா, நானே தவறவிட்டேனா என்பது இன்றுவரை தெரியாது. பணம் பெரிதாக இருக்கவில்லை. ஆனால் தேசிய அடையாள அட்டை அதற்குள் இருந்தது. இந்த நாட்டில் அடையாள அட்டை இல்லாதவன் அரை மனிதன் என்பதை இங்கு வாழ்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வங்கிக்கும் அது வேண்டும், சிம் அட்டை வாங்கவும் வேண்டும், விடுதியில் ஓரிரவு தங்குவதற்கும் வேண்டும். புதிய அட்டைக்கு விண்ணப்பிப்பதாயின் முதலில் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெற்றாக வேண்டும்.

போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நால்வர், பின்னால் ஆறேழு பேர். முறைப்பாட்டை எழுதியவர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் பெரிய புத்தகத்தில் கடகடவென்று எழுதினார். எழுதியதை அதே வேகத்தில் ஒருமுறை வாசித்தார். பின்னர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கள் ரால்ஹாமி, வாசித்துவிட்டு வைக்கிறேன்" என்றேன்.

"இப்போதுதானே மாத்தயா வாசித்துக் காட்டினேன்?" என்றார் அவர்.

உண்மைதான். இருந்தாலும் நான் குனிந்து, வரியின் கீழே விரலை வைத்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளையைப்போல எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினேன். மொத்தம் ஒன்பது வரிகள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். யாரோ ஒருவர் நேரத்தை உரக்கக் கேட்டார். எனக்கு வியர்த்தது. ஆனாலும் விரலை எடுக்கவில்லை.

இந்தப் பிடிவாதம் எனக்கு எப்படி வந்தது என்பதைத்தான் எழுத நினைத்தேன். அது கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

2018 ஆம் ஆண்டில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் மலையகத்திலிருந்து வந்த ஓர் அம்மா வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். கணவனை இழந்தவர். பிள்ளைகள் ஹற்றன் பக்கம் ஒரு தோட்டத்தில். மாதம் 15,000 ரூபா சம்பளம் என்று பேசி, நான்கு மாதமாக அவருக்கு ஒரு சதமும் கொடுக்கப்படவில்லை. ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஐயா, நீங்க பேப்பர்ல எழுதுறவங்க. பொலிஸுக்கு என்கூட வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டார். அவருக்கு அடுப்படிச் சிங்களம் வரும். பொலிஸில் பேசும் அளவுக்கு வராது என்பது அவருடைய அச்சம்.

நான் போனேன். உள்ளுக்குள் ஒரு பெருமிதத்துடன்தான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் தமிழில் சொன்னார், நான் சிங்களத்தில் சொன்னேன், சார்ஜன்ட் எழுதினார். கடைசியில் சார்ஜன்ட் கேட்டார்: வழக்குப் போடவேண்டுமா, என்ன செய்யவேண்டும்? அந்த அம்மா சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. "சம்பளக் காசத் தந்தாப் போதும் ஐயா, வழக்கெல்லாம் வேணாம்."

அதை நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் எழுதி, வாசித்துக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். "எல்லாம் சரி, வையுங்க அம்மா" என்றேன். அவர் தமிழில் தன் பெயரை எழுதினார். அந்தப் பெயருக்கு மேலே இருந்த ஒரு சொல்லையும் அவரால் வாசிக்க முடியாது. என்னாலும் முடியாது. அவர் நம்பியது என்னை. நான் நம்பியது எதை என்று எனக்கே தெரியவில்லை.

சில மாதங்களின் பின்னர் விடயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. மூன்று மத்தியஸ்தர்கள் அமர்ந்திருந்தார்கள். ஒருவர் முறைப்பாட்டின் பிரதியை நிதானமாக வாசித்தார். நிதானமாக வாசித்தபடியால் எனக்கு விளங்கியது. கடைசி வரியில், முறைப்பாட்டாளர் மேலதிக நடவடிக்கை எதையும் விரும்பவில்லை என்று இருந்தது. 'தந்தால்' என்ற சொல் அங்கே இல்லை.

சிங்களத்தில் அது 'துன்னொத்'. ஒரே ஒரு சொல். பத்திரிகை மேசையில் இருந்து மற்றவர்களின் வசனங்களைத் திருத்தியே வயதானவன் நான். 'நிரூபிக்கப்பட்டால்' என்பதிலுள்ள 'ஆல்' விழுந்துவிட்டால் ஒரு மனிதனின் மானம் போய்விடும் என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். அந்த 'ஆல்' என் கண்முன்னாலேயே விழுந்திருக்கிறது. நான் தலையை ஆட்டியிருக்கிறேன்.

இதை ஒரு பத்தியாக எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். மொழிப் பாகுபாடு, பொலிஸாரின் அசட்டை என்று தலைப்பும் போட்டிருப்பேன். எழுதவில்லை. காரணம், அந்தச் சொல்லைத் தவறவிட்டவர் சார்ஜன்ட்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவசரத்தில் நானே அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். என் சிங்களம் பஸ்ஸிலும் சந்தையிலும் பொறுக்கிய சிங்களம். 'காசு தரட்டும், வழக்கு வேண்டாம்' என்ற மாதிரி ஏதோ சொல்லியிருப்பேன். எத்தனையோ இரவுகள் அந்த வாக்கியத்தை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது.

எதிர்த் தரப்பு அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டது. முடிவில் 60,000 ரூபாவுக்குப் பதில் 30,000 ரூபாவுக்கு இணக்கம் ஏற்பட்டது. "பரவாயில்ல ஐயா, இதாவது கெடச்சுதே" என்று அந்த அம்மா எனக்கு ஆறுதல் சொன்னார். ஹற்றன் போவதற்கு பஸ் காசு என்று சொல்லி அவர் கையில் 5,000 ரூபா திணித்தேன். ஹற்றனுக்கு அவ்வளவு பஸ் காசு இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

சட்டப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரச கரும மொழியாக்கியதும், 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று சொன்னதும், அடுத்த ஆண்டே 16 ஆவது திருத்தம் வந்ததும் பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிந்த வரலாறு. தெற்கிலுள்ள அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. 2007 ஜூலைக்குப் பின்னர் அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் இரண்டாவது மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. இவை எதுவும் ஒழுங்காக நடைமுறையில் இல்லை என்று நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அது உண்மை, அரசின் குற்றத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை.

ஆனால் நான் என்ன செய்தேன்? கொழும்பில் சுமார் முப்பது வருடங்கள். இத்தனை காலத்தில் ஒரு நாளாவது ஓர் அலுவலகத்தில் நின்று தமிழ்ப் படிவம் தாருங்கள் என்று கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தால், இல்லை. ஆங்கிலப் படிவம்தான் கேட்பேன். இரண்டு காரணங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் மேசைக்கு அப்பால் இருப்பவரின் முகம் சற்று நிமிரும். அந்த மரியாதை எனக்கு இனித்தது. மற்றையது, தமிழ்ப் படிவத்தின் தமிழ் எனக்கு விளங்குவதில்லை. தமிழ் படித்துப் பட்டம் பெற்றவனுக்கே விளங்காத தமிழ் அது! அதைத் திருத்துங்கள் என்று கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். அதுவும் இல்லை. கர்ப்பிணித் தாய்மாருக்கான பஸ் ஆசனத்தில் 'தா' இருக்கவேண்டிய இடத்தில் 'நா' விழுந்த படத்தை எல்லோரையும் போல நானும் பத்துப் பேருக்கு அனுப்பிச் சிரித்தேன், அவ்வளவுதான்.

சிங்கள எழுத்துகளைப் படிக்காமல் இருந்ததற்கு நானும் என் நண்பர்களும் ஒரு கொள்கைக் காரணம் வைத்திருந்தோம். திணிக்கப்பட்டதை ஏன் படிக்கவேண்டும்? இளமையில் அது வீரமாகத்தான் இருந்தது. போர்க்காலத்தில் அதற்கு நியாயமும் கூடியது. வடக்கில் வழங்கப்பட்ட அடையாள அட்டையில் சிங்களத்துடன் தமிழும் இருக்கும். தெற்கில் வழங்கப்பட்டதில் சிங்களம் மட்டுமே. அட்டையை நீட்டியதும் அதிலுள்ள தமிழ் எழுத்தே நான் எந்த ஊர் என்று சோதனைச் சாவடியில் சொல்லிவிடும். அந்த நாட்களை அனுபவித்தவனிடம் போய்ச் சிங்களம் படி என்று சொன்னால் கோபம் வருவது இயல்பு. என் கோபம் பொய்யென்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குள் கொஞ்சம் சோம்பலும் ஒளிந்திருந்தது. கொள்கை என்று சொல்லிக்கொண்டால் சோம்பலுக்குக்கூட ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. அந்தக் கம்பீரத்துக்கான விலையில் 30,000 ரூபாவை ஒரு தோட்டத்து விதவை செலுத்தினார்.

மகளின் இரண்டாம் தேசிய மொழிப் பாடப்புத்தகத்தை இரவல் வாங்கித்தான் தொடங்கினேன். ஐம்பது வயதைத் தாண்டியவனுக்கு எழுத்துகள் இலகுவில் மண்டையில் ஏறுவதில்லை. மகாப்பிராண எழுத்துகள் ஒரு பக்கம், பாதி மூக்கொலியுடன் வரும் சஞ்ஞக எழுத்துகள் மறுபக்கம். "அப்பா, அது 'வ' இல்லை, 'ச'" என்று மகள் அதட்டுவாள். பஸ் பலகைகள், கடைப் பெயர்கள், மரண அறிவித்தல் பதாகைகள் எல்லாவற்றையும் வாய்க்குள் முணுமுணுத்தபடி நடப்பேன். கையெழுத்தில் எழுதியதை வாசிப்பது இன்னும் கடினம். பொலிஸ்காரர்களின் கையெழுத்தோ வைத்தியர்களுடையதற்குத் தம்பி.

அன்றைய ஒன்பது வரிகளுக்கு வருகிறேன். ஏழெட்டு நிமிடம் எடுத்தது. பிழை எதுவும் இருக்கவில்லை. என் பெயர், பஸ்ஸின் இலக்கம், நேரம், அட்டை தொலைந்த விதம் எல்லாம் நான் சொன்னபடியே இருந்தன. அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்கும் தொனியில் ஏதோ சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டேன். அவர் சிரித்தார், கோபித்ததாகத் தெரியவில்லை.

பிரதிக்காக வாங்கில் காத்திருந்தபோது, எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற வயதான அம்மா ஒருவர் தன் முறைப்பாட்டைச் சொல்லி முடித்திருந்தார். புத்தகம் அவர் பக்கம் திரும்பியது. அவர் பேனாவை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, உதையும் ஒருக்கா வாசிச்சுச் சொல்லுவியளோ?"

எழுந்து போகச் சற்றுத் தயங்கினேன். பிறகு போனேன். பதினான்கு வரிகள். நான் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, அவர் ஒவ்வொரு வரிக்கும் "ஓம்" என்றார். பதினோராவது வரியில் ஒரு சொல் எனக்குப் பிடிபடவில்லை. இருமுறை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். "இந்தச் சொல் எனக்குத் தெரியாது அம்மா" என்று சொல்லிவிட்டு, அது என்னவென்று அந்தப் பொலிஸ்காரரிடம் கேட்டேன்.