பொடக்காளிக்கு வந்த மயில்



நேத்து ராத்திரி எங்க ஊர்ல ஒரு உழவு மழை. ரெண்டு வாரமா மேகம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிட்டே இருந்துச்சு. நேத்து பதினோரு மணிக்குப் பிடிச்சது, விடியக்காலம் மூணு வரைக்கும் விடல. ஓட்டு மேல மழை விழற சத்தத்தைக் கேட்டுட்டே படுத்துக் கிடந்தேன். இந்த விசயத்தை எழுதலாமா வேண்டாமான்னு ஆடி மாசத்துல இருந்து யோசிச்சுட்டு இருந்தவன், அப்பத்தான் எழுதிரலாம்னு முடிவு பண்ணினேன்.

எங்க காங்கேயம் பக்கம் வீட்டுக்குப் பின்னால இருக்கற எடத்தைப் பொடக்காளிம்போம். பாத்திரம் கழுவற தண்ணி, குளிக்கற தண்ணி எல்லாம் அங்கதான் போகும். அந்தத் தண்ணியில ரெண்டு வாழை, ஒரு முருங்கை, கறிவேப்பிலை, நாலு கத்தரிச்செடி, ஒரு அவரைப் பந்தல் இருக்கும். நீங்க மாடியில பை வச்சு வளக்கறீங்களே, அதேதான். உங்களுக்குச் செம்பருத்தியில மாவுப்பூச்சி, எங்களுக்கு அவரையில அசுவினி. பேச்சு ஒண்ணுதான்.

பொழுதோட ஆறரை மணி வாக்குல சின்னம்மா வீட்டுத் திண்ணையில நாலு பேர் கூடிருவோம். நான், எங்க ஊட்டுக்காரம்மா, சின்னம்மா, அப்புறம் கண்டக்டர் மாமா. மாமா பஸ்ஸுல சில்லறை இல்லைன்னு சொல்லிச் சொல்லிப் பழகுனவர், மழை இல்லைன்னும் அதே குரல்லதான் சொல்வார். நான் போன்ல பாத்து நாளைக்கு எழுபது சதவீதம் போட்டிருக்குதுங்க மாமான்னு சொன்னா, மேக்கால ஒரு பார்வை பாத்துட்டு, "மீதி முப்பதுதான் மாப்ளே நமக்கு"ம்பார். தட்டான் தாழப் பறக்குதா, எறும்பு முட்டை தூக்குதா, நிலாவைச் சுத்திக் கோட்டை கட்டியிருக்குதா, எல்லாம் பாத்து அலசிட்டுத்தான் கத்தரிக்கு வருவோம். கத்தரியில இருந்து கொண்டைக்குருவிக்கு வருவோம். எங்க தக்காளியில பாதி அதுக்குத்தான். (உங்க மாடித்தோட்டத்துலயும் கொத்துச்சுன்னா, காய் நெறம் மாற ஆரம்பிச்சதுமே பறிச்சு வீட்டுக்குள்ள வச்சிருங்க. உள்ளயே பழுத்துக்கும். குருவியோட சண்டை வேண்டாம்.)

இந்த வருசம் ஆடியில அந்தத் திண்ணையில பேச்செல்லாம் மயில் பேச்சுத்தான்.

தென்மேற்குப் பருவமழை கேரளாவுல கொட்டும். மலை அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியா எங்களுக்குக் காத்தை மட்டும் அனுப்பி வைக்கும். மேகம் தலைக்கு மேல ரயில் மாதிரி போகும், நிக்காது. எங்களுக்கு மழைன்னா ஐப்பசி கார்த்திகைதான். ஆனாலும் ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லி வச்சுட்டாங்களே, மனசு கேக்காது. சின்னம்மா அவங்க பொடக்காளியில மூணு செண்டு எடத்துல அரைக்கீரையும் தண்டுக்கீரையும் விதைச்சாங்க. அவங்களுக்கு அது பொழுதுபோக்கு இல்லைங்க. வாரச்சந்தைக்கு நாப்பது கட்டு கொண்டுபோனா அந்த வாரம் அரிசி பருப்பு, மாத்திரை, பஸ் செலவு எல்லாம் அதுலதான். சித்தப்பா இல்லை. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கறான், அவன் கதையே இழுபறி.

விதை முளைச்சு ரெண்டு இலை விட்டுச்சு. வெடியால பாத்தா பாத்தி மொட்டை. ஏழு மயில் வந்து வரிசையா மேஞ்சுட்டுப் போயிருக்குது. மறுபடி விதைச்சாங்க. மறுபடி மொட்டை. மூணாவது தடவை சின்னம்மா வெடியால நாலு மணிக்கே எந்திரிச்சுக் குச்சியோட உக்காந்திருந்தாங்க. மயிலு அவங்க மாத்திரை போடற நேரம் பாத்து வந்துட்டுப் போயிருச்சு.

நான் சின்னப் பையனா இருந்தப்ப மயிலுன்னா முருகன் படத்துல பாத்ததுதான். இப்பக் கோழிய விட மயில் அதிகமா இருக்குது. ஏன்னு கேட்டா திண்ணையில நாலு பேருக்கும் நாலு பதில். குள்ளநரியும் காட்டுப்பூனையும் இல்லாமப் போச்சு, முட்டையத் தின்ன ஆளில்லைன்னு மாமா சொல்வார். வெள்ளாமை வைக்காம காடெல்லாம் சும்மா கெடக்குது, ஒளிய எடம் ஆச்சுன்னு எங்க ஊட்டுக்காரம்மா. சொட்டுநீர் போட்டு வெயில் காலத்துலயும் தண்ணி காட்டறமே, அதனாலன்னு நான். சின்னம்மா மட்டும், "மயிலு கத்துனா மழை வரும்பாங்க. சித்திரையில இருந்து கத்துது, எங்க மழை?"ன்னு கேப்பாங்க. அதுக்கு எங்க யாருகிட்டயும் பதில் இல்லை. மயில் அகவறது அதோட சோடி சேர்ற காலத்துல. மழைக்காலமும் பல எடத்துல அதுக்குப் பக்கத்துலயே வருது, அவ்வளவுதான். அதுக்கு நம்ம வானிலை தெரியணும்னு என்ன கடன்?

மயில் வந்தா நீங்க போட்டோ எடுப்பீங்க, நாங்க கல்லெடுப்போம். தப்பா நெனைக்காதீங்க. 1963ல தேசியப் பறவை ஆக்கினாங்க. 1972 வனவிலங்குச் சட்டத்துல புலி இருக்கற முதல் அட்டவணையிலயே மயிலும் இருக்குது. கொன்னா 3 வருசத்துக்குக் கொறையாம ஜெயில். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அந்தக் காரியத்தைப் பண்ணினேன்.

மூணாவது விதைப்பும் போன மறுநாள், நான் கட்டுத்தரையில சாணி வழிச்சுட்டு இருந்தேன். சின்னம்மா வந்து நின்னாங்க.

"கண்ணு, போன வருசம் அடிச்ச மருந்து மிச்சம் இருக்குமில்ல உங்கிட்ட?"

எதுக்குன்னு கேக்கலை. எங்க ஊர்ல அந்தப் பேச்சு நாலஞ்சு மாசமாவே காதோட காதா ஓடிட்டு இருந்துச்சு. சட்டத்தைச் சொன்னேன். "உனக்கு ரெண்டு ஏக்கர் இருக்குது சாமி. எனக்கு இந்த மூணு செண்டு"ன்னாங்க. அதுக்கு மேல அவங்க கெஞ்சலை. நான் உள்ள போயி எடுத்துட்டு வந்து, காயிதத்துல சுத்திக் குடுத்துட்டேன்.

ஏன் குடுத்தேன்? இத்தனை மாசமா நான் யோசிச்சது இதைத்தான். பரிதாபப்பட்டுக் குடுத்தேன்னு சொன்னா அது பாதிதான் நெசம். என் நெலக்கடலையையும் அதே மயிலுகதான் கிளறித் தின்னுச்சு. என் கையால செய்யத் தைரியம் இல்லாததை அந்தம்மா கையால செய்யட்டும்னு விட்டுட்டேன். மாட்டுனா அவங்க, கீரை மிஞ்சினா எல்லாருக்கும். மனுசன் மனசு இருக்கே.

ராத்திரி சாப்பிட உக்காந்தப்ப எங்க ஊட்டுக்காரம்மா கேட்டா, "அத்தை வெடியால எதுக்கு வந்தாங்க?" சொன்னேன். கரண்டியக் கீழ வச்சுட்டா.

"யாரு ஊட்டுக்கு என்ன குடுத்து விட்டிருக்கறீங்க?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கிணறு வத்துன வருசம் சித்தப்பா போனது. எப்படிப் போனாருன்னு எங்க ஊர்ல யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. கதவை ஒடச்சு உள்ள போனவங்கள்ல நானும் ஒருத்தன். அந்த வீட்டுக்குள்ள அன்னைக்கு இருந்த வாசனை, நான் காயிதத்துல சுத்திக் குடுத்ததுல வர்ற அதே வாசனை. எனக்கு அது ஞாபகம் வரலை. கீரையும் மயிலும் ஜெயிலும் ஞாபகம் வந்துச்சு, அது வரலை.

கைகூடக் கழுவாம ரெண்டு பேரும் ஓடுனோம். சின்னம்மா திண்ணையில இருட்டுல உக்காந்திருந்தாங்க. டார்ச் அடிச்சா, பொட்டணம் தொவைக்கற கல்லு மேல, கட்டுன கட்டு அவுக்காம இருக்குது. மேல ஒரு செங்கல் வச்சிருந்தாங்க.

"உள்ள கொண்டுபோகலை கண்ணு. வெடியால இருந்து அங்கதான் இருக்குது. எடுத்துட்டுப் போயிரு" அப்படின்னாங்க.

நான் எடுத்துக்கிட்டேன். எங்க ஊட்டுக்காரம்மா அவங்க பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுக்கிட்டா. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் சின்னம்மாதான், "எங்கோழி மூணும் அங்கதான் மேயுது, அது தின்னுப்போட்டா என்ன பண்றது, அதான் வைக்கலை"ன்னாங்க. நாங்களும் ஆமாங்கன்னு தலையாட்டினோம். கோழியாலதான்னு அந்த ராத்திரி மூணு பேருமாச் சேந்து முடிவு பண்ணிக்கிட்டோம்.

அந்த மருந்து என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. பூட்டுப் போட்ட தகரப்பெட்டியில கெடக்குது. கொட்டுனா மண்ணு கெடும், கிணத்துல எறங்கும். வச்சிருந்தா தூக்கம் கெடுது. வாங்கறதுக்கு ஊருக்கு ஊர் கடை இருக்குது, திருப்பிக் குடுக்கறதுக்கு ஒரு எடம் இல்லை.

அடுத்த நாள் பொழுதோட திண்ணையில மாமா வழக்கம்போல மேக்கால பாத்துட்டு மழை இல்லைன்னார். அவருக்கு ஒண்ணும் தெரியாது. இல்ல, தெரிஞ்சும் கேக்கலையோ என்னவோ. மயிலை எப்படித் தடுக்கறதுன்னு அன்னைக்குத்தான் உருப்படியாப் பேசுனோம். மினுக்குற நாடா கட்டிப் பாத்தவங்க, பத்து நாள்ல பழகிக்குதுன்னு சொல்றாங்க. வெடி போட்டா நாலு நாள். மயிலு பெரும்பாலும் பறந்து வந்து பாத்திக்குள்ள எறங்காது, வேலி ஓரம் எறங்கி நடந்துதான் வரும்னு மாமா சொன்னார். அவர் சொன்ன மழை எதுவும் பலிச்சதில்லை, இது சரியா இருந்துச்சு.

பாத்தியைச் சுத்திப் பழைய சீலையைக் கட்டினோம். விதைச்ச பாத்தி மேல வெள்வேல் முள்ளை வெட்டிப் பரப்பினோம். நாத்து ஒரு சாண் வளர்ற வரைக்கும் முள்ளை எடுக்கறதில்லை. மேல குறுக்கும் நெடுக்குமாச் சணல் கயிறு. மூணு செண்டுலயும் விதைக்காம, வாசலுக்குப் பக்கத்துல ஒரு செண்டு மட்டும் விதைச்சோம். நாப்பது கட்டு வர்ற எடத்துல பதினஞ்சு பதினாறு கட்டு வந்துச்சு. அதுக்கு மேல வரலை. மிச்சத்துக்கு எங்க ஊட்டுக்காரம்மா எங்க முருங்கைக்கீரையை ஒடிச்சு அவங்க கூடையில போட்டு விட்டா. சந்தையில அதுவும் போகுது.

முள்ளு வெட்டப் போனப்பத்தான் கிளுவை வேலி அடியில பொட்டை மயில் அடை படுத்திருந்ததைச் சின்னம்மா பாத்தாங்க. கூடெல்லாம் கட்டாதுங்க அது, தரையில லேசாக் கிளறிவிட்டு அதுலயே முட்டையிடும். அஞ்சு முட்டை. தோகை வச்சிருக்கறவரு அந்தப் பக்கம் வரவே மாட்டாரு. அடை காக்கறது, குஞ்சைக் கூட்டிட்டுத் திரியறது எல்லாம் பொட்டைதான், கிட்டத்தட்ட நாலு வாரம் படுத்துக் கெடக்கணும். சின்னம்மா எங்ககிட்டச் சொன்னப்ப, "அந்தச் சனியன் அங்கெ வேற படுத்திருக்குது"ன்னுதான் சொன்னாங்க. ஆனா அந்த எடத்துல மட்டும் முள்ளு வெட்ட விடலை.

அஞ்சும் பொரிச்சுது. ரெண்டைக் கீரி கொண்டு போயிருச்சுன்னு அவங்க கணக்கு. மூணு குஞ்சும் தாய் பின்னால கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லுக்குள்ள ஓடிட்டுத் திரியுது. புரட்டாசியில ஆண் மயிலுக தோகை உதிர்க்க ஆரம்பிச்சுது. வேலி ஓரம் கெடந்ததைப் பொறுக்கிச் சின்னம்மா பரண்ல சொருகி வச்சிருக்கறாங்க. பல்லி வராதாமா. நேத்து அந்தத் தோகை மேல ஒரு பல்லி உக்காந்திருந்ததை நான் பாத்தேன், சொல்லலை.

இன்னைக்கு வெடியால என் டப்பாவை எடுத்துப் பாத்தேன், ஒண்ணரை அங்குலம். மாமா அவரு வாளியில ரெண்டு அங்குலம்னு சண்டைக்கு வந்தார். உங்க வாளி வாய் அகலம் அடி குறுகல், அதுல அளக்கக் கூடாதுங்கன்னு சொன்னேன், ஒத்துக்க மாட்டேங்கறார். அவரையில பூ கொஞ்சம் கொட்டியிருக்குது, முருங்கையில ஒரு கிளை ஒடிஞ்சிருச்சு. இனிமே கம்பளிப்பூச்சி வரும், அது தனிக்கதை.

சின்னம்மா பாவாடையத் தூக்கிச் சொருகிட்டுச் சேத்துல நின்னு பாத்தியைக் கொத்திட்டு இருந்தாங்க. இந்தத் தடவை மூணு செண்டும் விதைக்கப் போறாங்களாம், முள்ளு பத்தாது, இன்னும் ரெண்டு வண்டி வேணும்னாங்க. சரிங்க சின்னம்மா, பொழுதோட வெட்டிட்டு வாரேன்னேன்.

"வேலிப்பக்கமாப் போனீன்னா பாரு கண்ணு. ரெண்டுதான் கண்ணுல பட்டுச்சு. இத்தனை மழையில மூணாவது எங்க ஒதுங்குச்சோ."